தரை டிக்கெட் எவ்வளவு?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு மதுரையில் அப்பா அம்மாவோடு இருந்தோம். மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, சாயங்காலம் சினிமாவுக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. எந்தப் படம் என்பதில் சண்டை இல்லை. எந்தத் தியேட்டர் என்பதில்தான் சண்டை.

என் மகள் போனைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். இதில் சாயற சீட்டு, அதில் அட்மாஸ் சவுண்டு, இன்னொன்றில் ஸ்கிரீன் பெரிசு ஆனா சீட்டு பழசு. தங்கச்சி வீட்டுக்காரருக்கு கார் நிறுத்த இடம் இருக்கா என்பது மட்டும்தான் கவலை. அம்மா, "பாத்ரூம் சுத்தமா இருக்குமா, மாடிப்படி எத்தனை ஏறணும்" என்று கேட்டார். கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தரை எவ்வளவுப்பா?"

எல்லோரும் சிரித்தோம். "தாத்தா, இப்பல்லாம் தரையே கிடையாது" என்றாள் மகள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சிரித்துவிட்டேனே தவிர, ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் ஒரு தியேட்டரை இன்னொரு தியேட்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் ஒரே தியேட்டருக்குள் ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிடும் கணக்கைக் கேட்டார். இந்த ரெண்டு ஒப்பீட்டுக்கும் நடுவில் நம்ம ஊர் சினிமா கொட்டகைகளின் நூறு வருஷ வரலாறு இருக்கிறது என்று தோன்றியது. அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்ததன் குறிப்புகள்தான் இது.

மதுரைக்காரன் என்பதால் தங்கம் தியேட்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2563 இருக்கை. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே சொல்லிக்கொண்டது. எங்கள் தெருவில் அதை மறுத்துப் பேசியவர் யாரும் இல்லை. 2563 என்பது எவ்வளவு பெரிசு என்று இன்றைய மல்டிபிளெக்ஸ் பார்த்துப் பழகியவர்களுக்குச் சொன்னால் புரியாது. இப்போது ஒரு சாதாரண திரையில் 200, 300 பேர் உட்காருவார்கள். அப்படி எட்டு பத்து திரைகளை ஒரே கூரைக்குக் கீழே, ஒரே வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்தால்தான் தங்கம்.

அப்பாவின் இளவயது முழுக்க அங்கேதான். அவர் சொல்கிற கணக்குப்படி மதுரையில் ஒவ்வொரு தியேட்டருக்கும் ஒரு குணம். தங்கம் என்றால் அளவு. விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்த ரீகல் என்றால் இங்கிலீஷ் படம். சிந்தாமணி என்றால் அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு: 1937-ல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் கட்டியதால் படத்தின் பெயரே தியேட்டருக்கு. ஆனால் இந்தக் குணமெல்லாம் பேச்சுக்குத்தான். நிஜத்தில் எங்கே போவது என்பதைத் தீர்மானித்தது படம். எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது சட்டைப்பையில் இருந்த சில்லறை.

அந்தக் காலத்து டிக்கெட் வகுப்புகளை அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். தரை. பெஞ்சு. முதுகு சாய்த்துக்கொள்ளப் பலகை வைத்த பெஞ்சு. சேர். அதுக்கு மேல சோபா, பால்கனி. சில இடத்தில் பாக்ஸ். ஊருக்கு ஊர் பெயர் மாறும், வரிசை மாறாது. இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கட்டிடத்தின் நல்லது கெட்டது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை என்பதுதான். "சீட்டு எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "எந்தக் கிளாஸு?" என்று திருப்பிக் கேட்கிறார்.

இந்த வகுப்புப் பிரிவு எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால், சினிமாவுக்கு முன்னாடியே நாடகக் கொட்டகையில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தென்னிந்தியாவில் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டுபோன சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் படம் வரையும் வேலையில் இருந்தவர். 1905-ல் திருச்சிக்கு வந்திருந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். பிறகு 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கட்டிடமே கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். சென்னையில் அதே காலகட்டத்தில் மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவரின் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்தது. அந்தக் கட்டிடம் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் இன்னமும் நிற்கிறது. ஸ்டாம்பு வாங்கப் போகிறவர்கள் பலருக்கு அது சினிமா கொட்டகை என்று தெரியாது. அதே மவுண்ட் ரோடு பக்கம் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி, இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் சினிமா அரங்கு.

இந்தக் கொட்டகைகளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது அரசாங்கத்துக்கே பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. 1927-ல் ஆங்கிலேய அரசு இந்திய சினிமா விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் யார் தெரியுமா? சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடு முழுக்க ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்தார்கள். எந்த மாதிரி ஜனங்கள் வருகிறார்கள், படிக்காதவர்கள் எத்தனை பேர், பெண்கள் வருகிறார்களா என்று துருவித் துருவிக் கேள்விகள். அந்தச் சாட்சியத் தொகுதிகளை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புரட்டினேன். (எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'அப்பாவோட ரெண்டாவது ஆபீஸ்'.) கேள்வி கேட்பவர்கள், பதில் சொல்பவர்கள் ரெண்டு பேருமே பெரும்பாலும் மேல் வகுப்பு சீட்டில் உட்காருகிறவர்கள். தரையைப் பற்றிப் பேசுகிறார்கள், தரையில் உட்கார்ந்தவரின் குரலைத் தேடினால் கண்ணில் படுவது அபூர்வம்.

அந்தத் தரையை ஒரு பெரிய விஷயமாக முதலில் எடுத்துப் பேசியவர் என்று எனக்குத் தெரிந்து பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாகப் பார்த்து அவர் எழுதிய சின்ன நூல் 1981-ல் வந்தது. அதில் அவர் சொல்லும் கருத்தின் சாரம் இது: எல்லாத் தமிழர்களும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒன்றைப் பார்த்த முதல் இடம் சினிமா அரங்குதான். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, வாங்கும் சக்தி.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று கோயில், சத்திரம், டீக்கடை எல்லாம் ஞாபகம் வந்தது. சமுதாயத்தில் எங்கே நிற்கலாம், எந்தக் குவளையில் குடிக்கலாம் என்று பிறக்கும்போதே எழுதிவைத்த காலத்தில், காசைக் கொடுத்தால் பெஞ்சு, இன்னும் கொஞ்சம் கொடுத்தால் சேர் என்று சொன்ன இடம் ஒன்று இருந்திருக்கிறது. சின்ன விஷயமில்லை இது.

ஆனால் நான் சிவத்தம்பியோடு கொஞ்சம் முரண்படவும் வேண்டியிருக்கிறது. கூரை ஒன்றுதான், வாசல் ஒன்றில்லை. பழைய தியேட்டர்கள் பலவற்றை நீங்கள் சுற்றிப் பார்த்திருந்தால் தெரியும். பால்கனிக்கு முன்பக்கம் போர்ட்டிகோ வழியாக அகலமான படிக்கட்டு. தரைக்கும் பெஞ்சுக்கும் பக்கத்துச் சந்து. அந்தச் சந்தில் ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலத்தில் சுவரும் கம்பியும் வைத்த வரிசைக் குகை. அதுக்குள் நுழைந்துவிட்டால் முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் வர முடியாது. வேர்வை, பீடி நாற்றம், முதுகில் இன்னொருத்தர் முழங்கை. கடைசியில் கை நுழையும் அளவு ஒரு ஓட்டை. உள்ளே கை விட்டவருக்கு டிக்கெட் கிடைத்ததா இல்லையா என்பது கை வெளியே வந்த பிறகுதான் தெரியும். பால்கனிக்காரர் இந்தத் தரைக்காரரை வாசலிலும் பார்க்க மாட்டார், இடைவேளையிலும் பார்க்க மாட்டார். விசில் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஆக, கலந்து உட்காரவில்லை. ஆனாலும் ஒரே படம், ஒரே நேரம், ஒரே திரை. அந்த 'ஒரே'தான் முக்கியம் என்று பிறகு எனக்குப் பட்டது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என்னுடைய சொந்தத் தரை அனுபவம் அம்மாவின் ஊர் டூரிங் டாக்கீஸில். எண்பதுகளின் கடைசி. கீற்றுக் கொட்டகை, பக்கவாட்டில் திறந்தவெளி, அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஊரே அதைக் கேட்டுத்தான் அடுப்பை அணைக்கும். தரை என்றால் ஆற்று மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டி ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவர் அதைக் காலால் கலைப்பார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ஒரு படத்துக்கு மூணு நாலு இடைவேளை. முறுக்கு, கடலை மிட்டாய், கலர் சோடா விற்பனை அதில்தான். சொகுசு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு படம் பார்க்கிற வசதியை, இன்றைக்கு எக்கச்சக்கமாக விலை வைத்து மறுபடியும் விற்கிறார்கள், பாருங்க.

அம்மாவிடம் அந்தக் கொட்டகையைப் பற்றிக் கேட்டால் மணலும் முறுக்கும் ஞாபகம் வருவதில்லை. "பொம்பளைங்களுக்கு ஒதுங்க இடமே கிடையாது. படம் விட்டு வீட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம்" என்றார். மதுரையில் படம் பார்த்தபோதும் அவருடைய அளவுகோல் ஒன்றுதான். எந்தத் தியேட்டரில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எதில் தண்ணீர் வருகிறது. அவர் மனசுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதில்தான் எனக்கு அது தெரியவருகிறது. அப்பாவும் நானும் ஒலி, ஒளி, திரை என்று பேசிக்கொண்டிருந்த வருஷங்களில், அந்தப் பட்டியலை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

வசதி என்றால் அரசாங்கம் என்ன நினைத்தது என்பது இன்னொரு கதை. இந்தியாவில் சினிமா கொட்டகைக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1918-லிருந்து இருக்கிறது. இதற்கு முக்கியமான ஒரு காரணம் நெருப்பு. அந்தக் காலத்துப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட். ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதிலேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கார்பன் குச்சிகளுக்கு நடுவில் வெளிச்சத்துக்காக மின்பொறி கொதித்துக்கொண்டிருக்கும். கீற்றுக் கொட்டகை, நைட்ரேட், கார்பன் ஆர்க். சேர்த்து நினைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் தீப்பிடிக்காத சுருள் வந்த பிறகுதான் இந்த ஆபத்து குறைந்தது.

நம்ம மாநிலத்தின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் 1955-ல் வந்தது, அதன் விதிகள் 1957-ல். இன்றைக்கும் தியேட்டர்காரர்கள் 'சி ஃபார்ம்' என்று பேசிக்கொள்வது இந்த விதிகளின் கீழ் வரும் உரிமத்தைத்தான். புரொஜெக்டர் அறை தனியாக இருக்கவேண்டும், நடைபாதை இருக்கவேண்டும், வெளியே போகும் வழிகள் இருக்கவேண்டும் என்றெல்லாம் போகிறது. படிக்கச் சலிப்பான சமாச்சாரம். ஆனால் 1979-ல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்துப் பலர் செத்துப்போனார்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர். அங்கே பால்கனியில் கூடுதல் சீட்டு போட்டதில் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. கூடுதல் சீட்டு என்றால் கூடுதல் டிக்கெட், அவ்வளவுதான் கணக்கு. அதற்குப் பிறகு நான் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அந்தப் பச்சை விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது என்று. ஒப்பீட்டுப் பட்டியல் போடுகிற எந்தச் செயலியும் இந்தக் கட்டத்தை வைத்து நான் பார்த்ததில்லை.

சொகுசு என்பது தனி விற்பனைப் பொருளாக மாறியதைப் பார்க்க சென்னைக்குப் போகவேண்டும். 1964-ல் மவுண்ட் ரோட்டில் சஃபையர் வளாகம் வந்தது: சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூணு அரங்கு ஒரே கட்டிடத்தில். மல்டிபிளெக்ஸ் என்ற வார்த்தையை நம்ம ஊரில் யாரும் கேள்விப்படாத காலம். ப்ளூ டைமண்டில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். வெயிலுக்குப் பயந்து ஏசியில் தூங்கப் போனவர்கள் கதை எங்கள் ஆபீஸ் சீனியர்களிடம் நிறைய உண்டு. 1970-ல் தேவி. அதில் தேவி பாரடைஸுக்கு மாடிப்படி ஏறாமல் சரிவுப் பாதையிலேயே நடந்து போகலாம். அம்மாவின் முட்டிவலிக்குப் பிறகுதான் அந்தச் சரிவின் அருமை எனக்குப் புரிந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் அதை யோசித்திருக்கிறார். 1974-ல் ராயப்பேட்டையில் சத்யம்.

தினசரிப் பத்திரிகைகளின் சினிமா விளம்பரங்களைப் பார்த்தாலே இந்த மாற்றம் தெரியும். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது விளம்பரத்தின் அடியில் தியேட்டர் பெயர்கள் வரிசையாக இருக்கும். சிலவற்றின் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ஏசி. தொண்ணூறுகளின் பின்பாதியில் ஏசி டிடிஎஸ். அந்த ஒட்டு இல்லாத தியேட்டர் பெயரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். செயலிகள் வருவதற்கு முன்னால் நம்முடைய ஒப்பீட்டு அட்டவணை அதுதான்.

இன்னொரு ஒப்பீடும் இருந்தது, காத்திருப்பு. படத்தின் பிரிண்ட் விலை அதிகம், அதனால் எண்ணிக்கை குறைவு. முதலில் ஏ சென்டர், சில வாரம் கழித்து பி சென்டர், அப்புறம் தேய்ந்து கோடு விழுந்து சி சென்டர் கொட்டகைக்கு. பணம் இருப்பவர் உடனே பார்த்தார், இல்லாதவர் பொறுத்திருந்து குறைந்த காசில் பார்த்தார். 2005-ல் சென்னையிலிருந்தே கியூப் என்ற டிஜிட்டல் திரையிடல் முறை வந்து, இந்த மாதிரித் தொழில்நுட்பங்கள் பரவியதும் பிரிண்ட் என்பதே ஒழிந்தது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் ரிலீஸ். தொழில்நுட்பக்காரனாக எனக்கு இதில் சந்தோஷம்தான், தெளிவான படம் சின்ன ஊருக்கும் போனது. ஆனால் காத்திருந்தால் விலை குறையும் என்ற ஏற்பாடும் அதோடு போய்விட்டது. மூணு வாரத்தில் படமே போய்விடுகிறதே, எங்கே காத்திருப்பது?

இனி விலைக்கு வருவோம். நம்ம மாநிலத்தில் டிக்கெட் விலையை அரசு கட்டுப்படுத்துகிறது என்பது வெளிமாநில நண்பர்கள் பலருக்கு நம்ப முடியாத விஷயம். 2017 வரைக்கும் பத்து வருஷம் போல, சென்னை மல்டிபிளெக்ஸில் மேல் வரம்பு 120 ரூபாய், கீழ் வரம்பு 10 ரூபாய். ஆமாம், பத்து ரூபாய். சத்யம் மாதிரி இடத்திலேயே முன்வரிசை பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. ஆன்லைனில் இல்லை, கவுண்டரில் போய் நிற்கவேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் கேன்டீனில் காபி போடும் தம்பி ஒருவன் இருந்தான். தர்மபுரிப் பக்கம். ஒரு திங்கட்கிழமை காபி கொடுக்கும்போது, "சார், சனிக்கிழமை சாயங்காலம் ஷோவுல உங்களைப் பாத்தேன், குடும்பத்தோட வந்திருந்தீங்க" என்றான். நான் பின்வரிசையில் 120 ரூபாய் சீட்டில், அவன் முதல் வரிசையில் பத்து ரூபாய் சீட்டில். அதே ஏசி, அதே ஒலி, கழுத்து மட்டும் அவனுக்கு அண்ணாந்தே இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அந்தப் படத்தைப் பற்றி ரெண்டு பேரும் பேசினோம். எனக்குப் பிடிக்காத கிளைமாக்ஸ் அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் சொன்ன காரணம் எனக்குத் தோன்றாத காரணம். சிவத்தம்பி சொன்ன ஒரே கூரை எனக்கு நேரடியாகக் கிடைத்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

2017-ல் எல்லாம் மாறியது. ஜூலை 1 ஜிஎஸ்டி. அதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி 30 சதவீதம் என்றதும் ஜூலை 3-லிருந்து தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நாலு நாள் மூடிக்கிடந்தன. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அந்த வரி குறைந்தது. அக்டோபரில் டிக்கெட் விலையை 25 சதவீதம் உயர்த்திக்கொள்ள அனுமதி. மல்டிபிளெக்ஸ் மேல் வரம்பு 120-லிருந்து 150 ஆனது. அதற்கு 28 சதவீத ஜிஎஸ்டி 42 ரூபாய், உள்ளாட்சி வரி 8 சதவீதம் 12 ரூபாய், ஆகமொத்தம் 204. 2019 தொடக்கத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் 190 பக்கம் வந்து நின்றது. தலைப்புச் செய்தியில் எல்லோரும் பேசியது இந்த மேல் வரம்பைத்தான். நானும் அதைத்தான் புலம்பினேன். கீழே அந்தப் பத்து ரூபாய் 60 ரூபாய் அளவுக்கு ஏறியதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தேன். முன்பு ஒரே அரங்கில் கீழ் டிக்கெட்டுக்கும் மேல் டிக்கெட்டுக்கும் 12 மடங்கு வித்தியாசம். இப்போது மூணு மடங்கு சொச்சம். கேட்பதற்கு ஏற்றத்தாழ்வு குறைந்தது போலத் தெரியும். அப்படி இல்லை. மேலே இருப்பவர் ஒன்றரை மடங்கு கூடக் கொடுக்கிறார், கீழே இருப்பவர் ஆறு மடங்கு கொடுக்கிறார். மூணு பேர் இருக்கிற குடும்பத்துக்கு முப்பது ரூபாய் என்பதும் நூற்றியெண்பது ரூபாய் என்பதும் ஒன்றா? அதே ஏணிதான், அடிப்படிகளை மட்டும் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

மேல் வரம்பு இருப்பதால் டிக்கெட்டில் எடுக்க முடியாததை வேறு இடங்களில் எடுக்கிறார்கள். போன மாதம் நாங்கள் நாலு பேர் சென்னையில் ஒரு மாலில் படம் பார்த்தோம். டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், பார்க்கிங், ரெண்டு பாப்கார்ன், ரெண்டு குளிர்பானம். வீட்டுக்கு வந்து கூட்டினால் டிக்கெட்டுக்குக் கொடுத்ததை விட மற்றதுக்குக் கொடுத்தது அதிகம். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிதண்ணீர் இலவசமாக வைக்கவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அன்றைக்கு அந்தத் தண்ணீர்க் குழாயைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. பாப்கார்ன் கவுண்டரைக் கண்டுபிடிக்க ஒரு நொடி.

இதனால் பழைய தியேட்டர்தான் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டைப்பூச்சி கடித்த தொடையோடு வீட்டுக்கு வந்தவன் நான். அந்த வரிசைக் குகைக்குள் என் மகளை அனுப்ப மாட்டேன். அம்மா மாலில் இருக்கிற கழிப்பறையைப் பார்த்துவிட்டு, "இது இருந்தாப் போதும், படம் எப்படி இருந்தா என்ன" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியாது. எனக்கு உறுத்துவது வேறு. அப்போது தியேட்டர் ஒன்று, உள்ளே வகுப்பு பல. இப்போது தியேட்டரே வகுப்பு. மாலுக்குள் வரத் தயங்குகிறவர் அந்த மாலின் திரையில் ஓடும் படத்தையும் அங்கே பார்ப்பதில்லை. அவருக்கென்று இருந்த ஒற்றைத் திரை அரங்குகளோ ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் அடுக்குமாடியாகவும் ஆகிவிட்டன. அசோக் நகர் உதயம் கூட 2024-ல் போய்விட்டது. காபி போட்ட தம்பி இப்போது படத்தை எங்கே பார்க்கிறான்? அநேகமாகப் போனில்.

பொங்கல் கதையை முடிக்கவில்லையே. அன்று கடைசியில் அம்மா சொன்னதுதான் நடந்தது. படி ஏற வேண்டாத, கழிப்பறை சுத்தமாக இருக்கிற ஒரு தியேட்டர். மகள் போனில் எடுப்பதற்கு முன்பே அப்பா தானே கவுண்டரில் வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போய் நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையனிடம், "இருக்கறதுலயே கம்மி எது தம்பி?" என்றார். "எல்லாமே ஒரே ரேட்டுதான் தாத்தா" என்றான் அவன். அப்பா பர்ஸைத் திறந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு டிக்கெட் வாங்கினோம்.

மறுநாள் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் துணி எடுக்கப் போனோம். தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக் கடை. பெண்கள் மாடிக்குப் போய்விட்டார்கள். அப்பா கீழ்த்தளத்தில், வாசலைப் பார்த்துத் திசையைக் கணித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். சட்டைத்துணி அடுக்கியிருந்த இடத்தில் நின்று, "திரை அந்தப் பக்கம்னா, நான் இங்கனதான் உக்காருவேன்" என்றார். கடைப் பையன் வந்து, "என்ன சைஸ் பாக்கணும் சார்?" என்று கேட்டான்.